துண்டு இருக்கா?

இருண்ட எதிர்காலத்தைப் பற்றிக் குறும்படம் எடுக்கப்போகிறேன் என்று வருகிறவர்களின் தாளில் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: “கி.பி. 2150. நகரம். இரவு. மழை.” அடுத்த வரியில் ஒருவன் ஓடுகிறான். ஏன் ஓடுகிறான் என்று கேட்டால் துரத்துகிறார்கள் என்பார்கள். யார் துரத்துகிறார்கள்? அரசாங்கம். எதற்கு? அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

நானும் செய்தவன்தான். கட்டி முடியாத மாடிக் கட்டடம் ஒன்றில், நண்பனுக்கு வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டு இரண்டு இரவு ஓடவைத்து எடுத்தேன். வீட்டில் போட்டுக் காட்டியபோது பெரியம்மா கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “இந்தப் புள்ள யாருக்குக் கடன் குடுக்கணும்?”

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மனுஷன் ஒருவன் ராத்திரியில் ஓடினால் அவருக்குத் தெரிந்த காரணம் கடன்தான். நான் எடுத்திருக்க வேண்டிய படம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. எனக்கு அது புரிய ஆறேழு வருடம் பிடித்தது.

இந்த அத்தியாயம் கதையைத் தேடுவது பற்றியது. டிஸ்டோப்பியா என்கிற வகைக்கு ரோபோ அவசியமில்லை. ஒரு விதி வேண்டும். அந்த விதி கைக்கு அடக்கமான ஏதாவது ஒரு பொருளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: சீட்டு, வில்லை, அட்டை, முத்திரை. இதற்கெல்லாம் சேர்த்து நான் துண்டு என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு, பின்னால் வருகிறது. பிலிமத்தலாவைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பித்தளைக் கடைகளின் குத்துவிளக்குகளுக்கு நடுவே நின்றுகொள்ளுங்கள். இங்கிருந்து ஓர் அரை நாள் பயணத் தூரத்துக்குள், முந்நூற்றைம்பது வருடத்துத் துண்டுகள் கிடைக்கின்றன. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் சாகும்வரை இந்த நாட்டில் இருந்து வானத்தைப் பார்த்து எழுதினார். நீங்கள் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள் என்பேன்.

களிமண்

சந்தியிலிருந்து தவுலகலைப் பக்கம் போகும் வீதி உடுநுவரைக்குள் இறங்குகிறது. கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்று சுற்றுலாக்காரர்கள் போகும் வழி. கடலாதெனிய விகாரையை 1344இல் எழுப்பிய சிற்பாசாரி கணேசுவராசாரி ஒரு தென்னிந்தியர். பாறைமேல் நிற்கும் அந்தக் கருங்கல்லைப் பார்த்ததுமே பலர் கமராவைத் திறந்துவிடுவார்கள். நான் அவசரப்பட வேண்டாம் என்பேன். பழைய கல்லைக் காட்டினால் காலம் தெரியும், கதை வராது.

அதே உடுநுவரையில் ஏலதெத்த என்ற ஊர் இருக்கிறது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் நிலம் வாங்கி வீடு கட்டிய ஊர் அது. கைதிதான், ஆனால் சிறையில் இல்லை. கிராமத்தில் வாழலாம், தொப்பி பின்னி விற்கலாம், நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கலாம். ராஜ்யத்தை விட்டு மட்டும் போக முடியாது. 1679இல் தப்பினார், 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். அதில் கண்டி ராஜ்யத்தின் வழிகளை அடைத்து நின்ற முட்கதவுகளைப் பற்றி எழுதுகிறார். அந்தக் கதவைக் கடக்க ஒரு பாஸ் வேண்டும். அந்தப் பாஸ் காகிதமல்ல, களிமண்ணில் பதித்த ஓர் உருவம். போர்வீரன் என்றால் தோளில் ஈட்டியோடு ஒரு மனிதன். கூலியாள் என்றால் காவடித்தண்டின் இரு முனையிலும் பை தொங்க ஒரு மனிதன். வெள்ளைக்காரன் என்றால் இடுப்பில் வாளும் தலையில் தொப்பியுமாக ஒருவன். கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை உருவம் களிமண்ணில் இருக்க வேண்டும்.

இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுத்தறியாத காவலாளியும் படிக்கக்கூடிய அடையாள அட்டை. அதில் உங்கள் முகம் இல்லை, பெயர் இல்லை. நீங்கள் என்ன வேலைக்கு ஆள் என்பது மட்டும் இருக்கிறது. இப்போது கண்டி மழையை நினைத்துப் பாருங்கள். கையில் களிமண் பாஸ், கதவுக்கு இன்னும் இரண்டு மைல், வானம் கறுக்கிறது. துணியில் சுற்றி, வாழையிலையில் பொதிந்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். “இரவு, மழை, ஓடுகிறான்” என்று நாமெல்லாம் எழுதும் அதே காட்சிதான். இப்போது ஏன் ஓடுகிறான் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் பயிற்சி இதுவே: துண்டு எதனால் செய்யப்பட்டது என்று கேளுங்கள். களிமண் கரையும், காகிதம் கிழியும், தகரம் துருப்பிடிக்கும், போன் சார்ஜ் இறங்கும். பொருளின் பலவீனத்தில்தான் காட்சி பிறக்கிறது.

தகரமும் பேரும்

தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தபோது, 1901 முதல் டின் டிக்கட் என்ற ஏற்பாடு நடந்தது. ஆளுக்கொரு தகர வில்லை, அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண். அதைக் காட்டினால் வழிச் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். சரக்குப் பெட்டியில் விலாசம் ஒட்டுவது போல மனிதர்மேல் விலாசம். துண்டு என்பது இன்னொன்று: இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்து நிர்வாகம் எழுதித் தரும் சீட்டு. அந்தச் சீட்டை வைத்து ஆட்களைக் கடனோடு சேர்த்து அடுத்த தோட்டம் வாங்கிக்கொள்ளும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். துண்டு போனாலும் அந்தக் கடன் பெரியம்மாவின் கேள்விவரைக்கும் வந்திருக்கிறது.

தோட்டத்து மொழியில் எனக்கு இதைவிடப் பெரிய புதையல் ஒன்று உண்டு. ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வார்கள். வேலைக்குப் போனால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பேர் விழும். கொடுத்த கிலோவுக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும்; 18 கிலோ, 20 கிலோ என்று கேட்டிருக்கிறேன். எங்கள் அப்பாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இன்னிக்கு அரப்பேருதான் சாமி” என்பார். சின்ன வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். அன்று மட்டும் அப்பாயியின் பேரில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு விட்டார்கள் என்று.

டிஸ்டோப்பியா எழுதுவதற்கு அந்தக் குழந்தையின் காதுதான் வேண்டும். வழக்கில் மரத்துப்போன ஒரு சொல்லை நேர்ப்பொருளில் கேட்பது. இதை எப்படிப் படமாக வளர்த்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முறை இதில்தான் இருக்கிறது.

உலகம்: கொழுந்து எடை குறைந்தால் அன்று பேரும் குறையும். ஒருத்தியின் பேர் புவனேஸ்வரி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் முழுப் பேரும் கூப்பிடுகிறார்கள். அடுத்த நாள் புவனேஸ். அதற்கடுத்த நாள் புவனா. குறைந்த பேரைத்தான் வீட்டிலும் கடையிலும் எல்லாரும் சொல்ல வேண்டும்; மீறிச் சொன்னால் சொன்னவருக்கும் பேர் குறையும். முதல் வரைவில் இங்கே ஒரு புரட்சி வைத்திருந்தோம்: எல்லாரும் தராசை உடைக்கிறார்கள். மோசமாக இருந்தது. தராசு உடைந்ததும் பார்வையாளனுக்கு நிம்மதி வந்துவிடுகிறது. நிம்மதியோடு எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறான்.

அப்புறம் கதையைக் களத்திலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்கு நகர்த்தினோம். மாலை. மகளின் பேரில் மிச்சம் இருப்பது “பு” மட்டும். சோறு ஆறுகிறது. அம்மா வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிட வேண்டும். லயத்தில் பத்துக் காம்பராவும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கின்றன. அம்மா வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். கடைசியில், தொட்டிலில் போட்ட காலத்தில் கூப்பிட்ட செல்லப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அது செக்ரோலில் இல்லை. இல்லாததை யாராலும் குறைக்க முடியாது. கங்காணிக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அங்கே வெட்டிவிட்டோம்.

செலவைக் கவனியுங்கள்: மூன்று இடம், ஒரு தராசு, ஒரு பேரேடு, கிராபிக்ஸ் சுத்தமாக இல்லை. சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் பேர்களை இரண்டெழுத்துக்குள் அடக்கிய ஆட்சியைக் காட்டியிருக்கிறார் என்று படம் முடிந்த பிறகுதான் ஒரு நண்பர் நினைவுபடுத்தினார். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் பேரை எங்கிருந்து பிடித்தார், நாங்கள் எங்கிருந்து பிடித்தோம் என்பது வேறு வேறு. உங்கள் ஊரின் சொல்லிலிருந்து புறப்பட்டால், முன்னால் ஒருவர் அதே வாசலுக்கு வந்திருந்தாலும் வீடு உங்களுடையதாக இருக்கும்.

கோச்சி

பிலிமத்தலாவை ரயில் நிலையம் சின்னது. நடைமேடையில் உட்கார்ந்து ஒரு மத்தியானத்தை வீணாக்குங்கள். ஒரு பக்கம் பேராதனை, மறுபக்கம் கடுகண்ணாவை. 1867இல் கண்டிவரை வந்த தண்டவாளம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய பிறகு, 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனிதர்களை வகுத்து மீதி வைத்த கணக்கு. மேல்நாட்டுத் தோட்டங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போனவர்கள் இந்தப் பாதை வழியாகத்தான் இறங்கினார்கள். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் அழுத அழுகையால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேராகிவிட்டது.

இதை அப்படியே எடுத்தால் வரலாற்றுப் படம். அறிவியல் புனைகதையாக்க ஒரே ஒரு படி நகர்த்துங்கள். இரண்டு படி நகர்த்தினால் நம்ப மாட்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பட்டியலில், தங்கை இன்னொரு பட்டியலில் விழுவது நிஜமாக நடந்தது. அந்தப் பட்டியலை ஓர் இயந்திரம் ஒவ்வொரு நாள் காலையும் புதிதாகக் கணக்கிட்டால்? மீதியில் விழுந்தவர்கள், இறங்க நிலையம் இல்லாத கோச்சியில், மலையைச் சுற்றிக்கொண்டே இருந்தால்? எனக்கு இரண்டாவது பிடிக்கும். ரயிலுக்குள் எடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த ‘லா ஜெத்தே’ இருபத்தெட்டு நிமிடமும் ஏறக்குறைய முழுக்க நிழற்படங்களாலேயே ஆனது. நிழற்படமும் குரலும் போதும் என்றால் உங்கள் போனே ஸ்டூடியோ. கடுகண்ணாவையில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய இஞ்சின்களையும் பெட்டிகளையும் கிட்டத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

அலுமாரி

வீட்டில் பழைய அடையாள அட்டை ஒன்று இருக்கும், எடுங்கள். ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண் என்றால் அந்த நாளோடு ஐந்நூறைக் கூட்டியிருப்பார்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்த பெண், இலக்கத்தில் ஐந்நூற்றோராவது நாளில் பிறந்தவள். அப்படியொரு நாள் நாட்காட்டியில் இல்லை. கடைசி எழுத்து வீ என்றால் வாக்குரிமை உள்ளவர், எக்ஸ் என்றால் இல்லாதவர். 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கமாகி அந்த எழுத்து போய்விட்டது, ஐந்நூறு போகவில்லை. இல்லாத நாட்களில் பிறந்த பெண்கள் ஒருநாள் தங்கள் பிறந்தநாளைக் கொண்டாட முடிவெடுக்கிறார்கள் என்று ஒரு மாணவி எழுதினாள். இன்னும் எடுக்கப்படவில்லை. யாராவது பணம் போட்டால் நான் டீ வாங்கித் தருகிறேன்.

2022இன் நெருக்கடியை எல்லாரும் எடுக்கப் பார்க்கிறார்கள், அதனாலேயே அங்கே கவனம் வேண்டும். மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் கட். ஊர்களை ஆங்கில எழுத்துகளாகப் பிரித்து நேர அட்டவணை போட்டார்கள். வீதிக்கு இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் இன்னோர் எழுத்து, “நீங்க எந்த எழுத்து?” என்று கேட்டுத்தான் சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தது: கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு நாலு லீட்டர், ஓட்டோவுக்கு ஐந்து, காருக்கு இருபது. நொக்ஸ் பார்த்த களிமண்ணில் ஈட்டியும் பையும் வாளும் இருந்தன. இதில் வாகனத்தின் வகை. அந்த ஒற்றுமையைப் படத்தில் வசனமாகச் சொல்லிவிடாதீர்கள், பார்க்கிறவரே கண்டுபிடிக்கட்டும். வரிசையையும் எடுக்காதீர்கள், அதை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். எழுத்தை எடுங்கள். எதிர்வீட்டுப் பையனைக் காதலிக்கும் பெண்ணுக்கு அவன் முகம் வெளிச்சத்தில் தெரிவதே இல்லை, ஏனென்றால் இருவரின் எழுத்தும் வேறு. இரண்டு வீட்டு ஜன்னல், ஒரு மெழுகுவர்த்தி, நாலு நிமிடம்.

சிரிப்பையும் விட்டுவிடாதீர்கள். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுக்க இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். அடுத்த மாதம் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, சரியாக ஐந்து நிமிடத்துக்கு, தோட்டத்தில் நிற்கும் குரங்கு, மயில், மலையணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். பிலிமத்தலாவைப் பக்கம் தென்னையும் கித்துளும் வைத்திருப்பவர்களுக்குக் குரங்கு எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரியும், கணக்கெடுப்பில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கையில் பேனாவோடு முற்றத்தில் நின்று, எட்டு ஐந்துக்குப் பிறகு வந்த குரங்கை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யோசிக்கும் ஒரு தாத்தாவை நினைத்துப் பாருங்கள். உண்மை இப்படிப் பொய் போல ஒலிக்கும்போது அதைக் கதையின் நடுவில் வைக்க வேண்டாம். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் ஓர் உபபாத்திரம் போகிற போக்கில் சொல்லட்டும்.

நிலத்தின் கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டு, ஒரே பயிரை நம்பியிருந்த மலைநாட்டுப் பொருளாதாரம் சரிந்தது. தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் 1880 முதல் 1882 வரை இங்கிருந்து அதை ஆராய்ந்தார். இலையின் அடியில் செம்மஞ்சள் தூள், அவ்வளவுதான் வில்லன். 1980களில் விக்டோரியா அணை பழைய தெல்தெனியாவை மூழ்கடித்தது; மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றினால் பழைய மஸ்கெலியாவின் கோவில் தலைகாட்டும். மண்சரிவு எச்சரிக்கைக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறங்கள் போனில் வருகின்றன. சிவப்பு வந்தால் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியில் சரிந்த இடங்களுக்குக் கமராவோடு போக வேண்டாம். அங்கே இன்னும் துக்கம் காயவில்லை. 2018 மார்ச்சில் திகனைக் கலவரத்தில் கடைகள் எரிந்து, அவசரகாலச் சட்டம் வந்து, பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஒரு வாரத்துக்கு அடைக்கப்பட்ட நாட்களுக்கும் இதே விதி. அந்த மௌனத்தை எடுக்கலாம்: மகனுக்கு அனுப்பிய கடைசி மெசேஜுக்கு ஒரே ஒரு டிக் விழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவை. எரிந்த கடையை செட் போட்டு எடுக்க வேண்டாம். கடைக்காரர் இன்னும் அதே வீதியில் இருக்கிறார்.

போகும் முன்

அனுமதி விஷயத்தில் வீரம் காட்டாதீர்கள். விகாரைகள் தொல்பொருள் திணைக்களத்தின் கையில், தண்டவாளமும் நிலையமும் ரயில்வேயின் கையில், தேயிலை மலை தோட்ட நிர்வாகத்தின் கையில், ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் கையில். பிள்ளைகளோடு லயத்தில் எடுப்பதாக இருந்தால் தோட்டத் தலைவரிடம் ஒரு வார்த்தை, வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை, மாலையில் எல்லாருக்கும் டீ. கதையை மறைக்காமல் சொல்லுங்கள். அரைப்பேர் கதையைச் சொன்னபோது லயத்து அக்கா ஒருவர், “அரப்பேருன்னா அரப்பேருதானே, இதுல என்னா கற்பன?” என்று கேட்டார். நாங்கள் வாங்கிய விமர்சனங்களில் அதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு கிழமைக்கு உங்கள் கைக்கு வரும் எல்லாத் துண்டுகளையும் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவுக்குள் போடுங்கள்: கிளினிக் நம்பர், சிவப்புக் கரண்ட் பில், வங்கி டோக்கன், கிராம சேவகர் கடிதத்தின் பிரதி, அடகுச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் பார்த்துப் பெரியம்மாவின் கேள்வியைக் கேளுங்கள். இதை வைத்திருக்கிறவன் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும்? எந்தத் துண்டு பதில் சொல்லாமல் உங்களையே பார்க்கிறதோ அதை எடுத்துவைத்துவிட்டு மற்றவற்றை எறிந்துவிடலாம்.

படத்தில் காட்டப்போகும் துண்டை மட்டும் அட்டையில் வெட்டிச் சமாளிக்காதீர்கள். அண்மைக்காட்சியில் அட்டை அட்டையாகத்தான் தெரியும். நீங்கள் நிற்பது பிலிமத்தலாவை. பித்தளை வேலைக்குப் பேர் போன ஊர். தகட்டை வட்டமாக வெட்டி, ஓட்டை போட்டு, எழுத்தும் எண்ணும் பொறித்துத் தரச் சொல்லிப் பட்டறையில் கேட்கலாம். சுத்தியல் சத்தத்தையும் அப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், பின்னணி இசைக்கு அதைவிட நல்லது கிடைக்காது. நான் முதன்முறை போனபோது பட்டறைக்காரர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “என்ன நம்பர் அடிக்க?” என்று கேட்டார். நான் அதை யோசித்தே இருக்கவில்லை. ஏதோ ஒரு நம்பர் என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்; யாருடைய நம்பர் என்று தெரிந்துகொண்டு நாளைக்கு வா என்றார்.